மகிழ்ச்சி தேவைப்படாத பேட்டை

புணேயில், சதாசிவப் பேட்டையில், முளைப்பயறில் காரக் குழம்பு ஊற்றித் தரும் அச்யுத் நேனேயின் மிசள் கடைக்குள் நுழைகிறவர்களை முதலில் வரவேற்பவை பலகைகள். வரவேற்பவை என்பது ஒரு பேச்சுக்குத்தான். "குழம்பு மறுபடி ஒரு கரண்டி தரப்படும். அதற்கு மேலும் கேட்பவர்கள் வீட்டில் சமைத்துச் சாப்பிடலாம்" என்கிறது ஒன்று. "செய்தித்தாள் ஒன்றுதான் இருக்கிறது. முழுவதும் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நூலகம் இடப்பக்கம் நான்காவது கட்டடம்" என்கிறது இன்னொன்று. கல்லாவுக்கு மேலே, "இன்று எது நன்றாக இருக்கும் என்று கேட்காதீர்கள். நன்றாக இல்லாததை நாங்கள் செய்வதில்லை." வாசற்கதவில் தொங்குவது ஊர் முழுக்கப் பிரசித்தம்: "ஒன்று முதல் நான்கு வரை கடை மூடியிருக்கும். தட்டினாலும் மூடியே இருக்கும்." மொத்தம் பதினொரு பலகைகள். எல்லாம் நேனே தன் கைப்பட எழுதியவை. தன் கையெழுத்தைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இவற்றைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் வெளியூர்க்காரர்கள். உள்ளே வந்து உட்கார்ந்தவர்கள் எங்கள் பேட்டைக்காரர்கள். எங்களுக்கு ஒன்றை நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாய் வராது. பிள்ளை மாநிலத்திலேயே முதலாவதாகத் தேறி வந்தால், "ரெண்டாவது வந்தவன் எத்தனை மார்க்?" என்று கேட்கிற ஜனங்கள் நாங்கள். ஒரு பண்டத்துக்கு நாங்கள் கொடுக்கும் உச்சபட்சப் பாராட்டு "மோசமில்லை." அதையும் செய்தவர் காதில் விழாதபடி பார்த்துக்கொள்வோம்.

தந்தி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற ஜோக்ளேகர் காலை எட்டு பத்துக்கு வருவார். இருபத்தெட்டு வருஷமாக எட்டு பத்துதான்.

"வந்துட்டீங்களா? ஏன், வீட்ல ஒண்ணும் தரமாட்டாங்களா?" என்பார் நேனே.

"வீட்ல ருசியா தராங்க. பழகிடக் கூடாதேன்னுதான் இங்க வரேன்."

மிசள் வரும். ஜோக்ளேகர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "குழம்புல உப்பு எங்க அச்யுத்ராவ்?" என்பார்.

"உங்க ரத்தக்கொதிப்புக்கு அவ்வளவுதான். வேணும்னா டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வாங்க."

ஜோக்ளேகர் முணுமுணுத்துக்கொண்டே தட்டைக் காலி செய்வார். பன்னிரண்டே முக்காலுக்கு மிசள் தீர்ந்துவிடும். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள்கூட மிஞ்சியதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாநில விருந்தோம்பல் மகிழ்ச்சி வாரியம் என்று ஒன்று கிளம்பியது. அதன் முதன்மை மகிழ்ச்சி அலுவலர் டாக்டர் மோஹோளே ஒரு நாள் கடைக்கு வந்தார். இந்தத் தெரு சுவைத் தெருவாக அறிவிக்கப்பட்டிருப்பதாகவும், கட்டடம் மாநகராட்சியுடையது என்பதால், வாரியத்தின் தேர்வில் நூற்றுக்கு எண்பது வாங்கினால்தான் குத்தகை புதுப்பிக்கப்படும் என்றும் சொன்னார். நேனே வாங்காவிட்டால், அந்த இடத்துக்காக மும்பைக் கம்பெனி ஒன்று காத்திருந்தது.

"வாடிக்கையாளரை ஒரு நிமிஷம்கூட நிக்க வைக்கக் கூடாது, மிஸ்டர் நேனே. அதுதான் முதல் பாடம்" என்றார் மோஹோளே. இதை அவர் கடையின் ஒரே மெத்தை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். நேனே எதிரில் நாற்பது நிமிஷமாக நின்றுகொண்டிருந்தார். "உபசாரங்கிறது மனசு சம்பந்தப்பட்டது. அந்த மனசைத்தான் நாங்க பன்னெண்டு பக்கப் படிவமா ஆக்கியிருக்கோம். புன்னகைக்கு முப்பது. இனிய சொல்லுக்கு முப்பது. வழியனுப்புறதுக்கு இருபது. பலகைக்குப் பதினாறு."

"சாப்பாட்டுக்கு?"

"நாலு. போன வருஷம் அதுவும் இல்ல. சில பேர் கேட்டாங்கன்னு சேர்த்தோம்."

பயிற்சி வாரியத் தலைமையகத்தில் மூன்றாவது மாடியில் நடந்தது. நாற்பது கடைக்காரர்கள் வந்திருந்தார்கள், நாற்காலி இருபத்திரண்டு இருந்தது. ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டிய வகுப்பு பதினொன்றேகாலுக்குத் தொடங்கியது. குடிக்கத் தண்ணீர் கேட்ட ஒருவரை வாசலில் இருந்த ஊழியர், "இது என்ன ஓட்டலா?" என்று கேட்டார்.

புன்னகையில் மூன்று நிலைகள் இருந்தன. முதல் நிலை உதடு. இரண்டாம் நிலை மேல்வரிசைப் பல். மூன்றாம் நிலையில் கண்ணும் சேர்ந்துகொள்ள வேண்டும், ஆனால் நாலு விநாடிக்கு மேல் போகக் கூடாது, போனால் அது உரிமை எடுத்துக்கொள்வது ஆகிவிடும். நேனே முதல் நிலையிலேயே மாட்டிக்கொண்டார்.

"சிரிங்கய்யா! காலையிலேர்ந்து கத்திக்கிட்டிருக்கேன், ஒரு சிரிப்பு வரலை உமக்கு?" என்று பயிற்சியாளர் மேஜையைத் தட்டினார். "என்னை வாடிக்கையாளரா நினைச்சுக்குங்க."

"நினைச்சேன். அதான் வரலை."

சாயங்காலம் எல்லாருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். நேனேயுடையதில், "ஆர்வம் உண்டு. முகத்தசை ஒத்துழைக்கவில்லை" என்று குறித்திருந்தார்கள்.

ஆனாலும் அவர் விடவில்லை. கடை போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அவரைப் பிடித்து ஆட்டியது. மிசள் போடுவதையும் திட்டுவதையும் தவிர அவருக்கு வேறொன்றும் தெரியாது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகினார். அவர் மனைவி விமல் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எந்தப் பல்லு?" என்று கேட்டாள்.

"பல்லு இல்லடி, புன்னகை."

"அப்ப கிராம்புத் தைலம் வேண்டாமா?"

திங்கட்கிழமை காலை பதினொரு பலகைகளும் இறங்கின. அந்த இடத்தில் வாரியம் அனுப்பிய ஒரே பலகை ஏறியது. அதில் ஒரு தட்டு மிசளுக்குக் கண்ணும் வாயும் வரைந்திருந்தார்கள். எட்டு பத்துக்கு ஜோக்ளேகர் வந்தார். நேனே கை கூப்பி, மேல்வரிசைப் பல்லைக் காட்டி, மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தார்.

"வாருங்கள். தங்கள் வருகையால் இந்தக் காலை ஒளி பெற்றது."

ஜோக்ளேகர் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. மெதுவாக உட்கார்ந்தார். மிசள் வந்தது. "உப்பு..." என்று ஆரம்பித்தார்.

"இதோ, எவ்வளவு வேணுமோ போட்டுக்குங்க" என்று நேனே உப்புக் கிண்ணத்தையே தூக்கி வைத்தார்.

ஜோக்ளேகரின் முகம் வெளுத்துப் போயிற்று. கரண்டியைக் கீழே வைத்தார். "அச்யுத்ராவ், நிஜத்தைச் சொல்லுங்க. டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"யாரைப் பத்தி?"

"என்னைப் பத்தித்தான். இனிமே உப்பு போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்னு ஆயிடுச்சா?"

நேனே பதில் சொல்வதற்குள் அவர் எழுந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் இருதயப் படம் எடுத்துக்கொண்டார். படம் சுத்தமாக இருந்தது. அது அவருடைய சந்தேகத்தை இன்னும் அதிகமாக்கியது.

ராஸ்னே டீச்சர் விஷயம் வேறு. பெண்கள் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்தவர். அவர் எதையும் நேரடியாகக் கேட்டுவிடுவார். "தங்கள் வருகையால்" என்று நேனே தொடங்கியதுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன எண்ணெய் மாத்தினே?"

"மாத்தலையே டீச்சர்! அதே கடலை எண்ணெய்தான்."

"முப்பது வருஷம் பிள்ளைங்களைப் பாத்தவ நான். திருடின பிள்ளைதான் இப்படிப் பவ்யமா பேசும். என்னமோ பண்ணியிருக்கே. கண்டுபிடிக்கிற வரைக்கும் நான் சாப்பிட மாட்டேன்."

புதன்கிழமைக்குள் பேட்டையில் மூன்று கட்சிகள் ஆகிவிட்டன. நேனே கடையை விற்கப்போகிறார் என்று ஒரு கட்சி. அவருக்கு மூளையில் ஏதோ கட்டி என்று ஒரு கட்சி. மும்பையில் சம்பந்தம் பண்ணப்போகிறார் என்பது மூன்றாவது. மூன்றாவதைத்தான் எல்லாரும் அவமானமாக நினைத்தார்கள். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குப் பாதி அண்டா மிசள் மிஞ்சிக் கிடந்தது. நேனே அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். வாரியத்தின் பேச்சைக் கேட்டால் ஆட்கள் போய்விடுவார்கள், கேட்காவிட்டால் கடை போய்விடும். மனிதர் தவித்துப்போனார்.

கடைசியில் ஜோக்ளேகரிடமும் டீச்சரிடமும் உள்ளதைச் சொன்னார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று ஜோக்ளேகர் பாய்ந்தார். "ஒரு படம் எடுத்தது எனக்கு வீண்!"

"தேர்வு என்னிக்கு?" என்றார் டீச்சர். "நாங்க எல்லாரும் வரோம். நல்லதா நாலு வார்த்தை சொல்லிடறோம். ஒரு நாளைக்குத்தானே, பொறுத்துக்கலாம்."

தேர்வு நாளன்று மோஹோளே நாலு பேரோடு வந்தார். கடை நிரம்பியிருந்தது. படிவங்கள் கொடுக்கப்பட்டன. உங்கள் மகிழ்ச்சிக்குப் பத்துக்கு எத்தனை தருவீர்கள் என்று கேட்டிருந்தது. ஜோக்ளேகர் பேனாவைப் பிடித்தபடி வியர்த்தார். நேனேக்காகப் பத்து போடத்தான் வந்தார். ஆனால் கை ஓடவில்லை. எங்கள் பேட்டையில் பிள்ளையாருக்கே ஏழுக்கு மேல் போட்டதில்லை. ஆறு போட்டார். போட்டுவிட்டு, ரொம்பத் தாராளமாகப் போய்விட்டோமோ என்று பக்கத்தில் எட்டிப் பார்த்தார். டீச்சர் கடைக்கு ஆறரை போட்டிருந்தார். அதோடு நிற்காமல், கேள்விகள் தெளிவாக இல்லை என்று எழுதி, படிவத்துக்குப் பத்துக்கு மூன்று போட்டிருந்தார்.

அப்போதும் நேனே தளரவில்லை. முதல் நிலைப் புன்னகையைப் பிடித்துக்கொண்டு மோஹோளேயின் முன்னால் மிசளைக் கொண்டுவந்து வைத்தார். மோஹோளே ஒரு வாய் சாப்பிட்டு இரண்டு பக்கம் எழுதினார். இன்னொரு வாய், இன்னும் இரண்டு பக்கம். குழம்பின் மேல் மிதந்த எண்ணெய் உறைந்தது. நேனேயின் புன்னகை ஒரு பக்கமாகக் கோணத் தொடங்கியது.

"ஆறிடுச்சே" என்றார் மோஹோளே. "சரி, கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொண்டு வாங்க. காரம் எல்லாருக்கும் ஒத்துக்காது. அப்புறம் ஒரு மணிக்கு மூடுறதா கேள்விப்பட்டேன். இன்னிக்கு மூணு வரைக்கும் திறந்து வைங்க."

விமல் கடைச் சமையலறை வாசலில் வந்து நின்று, வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். நேனே அவளைப் பார்த்தார், பிறகு அந்தத் தட்டைப் பார்த்தார்.

"சர்க்கரையா?" என்றார். "யோவ், சூடா வச்ச பண்டத்தை ஆறப் போட்டுட்டு, ஆறிடுச்சுன்னு எங்கிட்டயே சொல்றீரா? விடிகாலை நாலு மணிக்கு எழுந்து அரைச்சது அது. சாப்பிட வந்தா சாப்பிடணும், எழுத வந்தா ஆபீசுலயே உக்காந்து எழுதணும். சர்க்கரை வேணும்னா எதிர்ல மிட்டாய்க் கடை இருக்கு. மணி ஒண்ணாகுது. எழுந்திரும்! படிவத்தையும் எடுத்துக்கும், மேஜையில கறை படுது!"

"அப்பாடா" என்று ஜோக்ளேகர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் இல்ல."

பேட்டையே கைதட்டியது. நூற்றுக்குப் பதினொன்று வந்தது. ஒரு மாதத்தில் கடையைக் காலி செய்ய வேண்டும் என்று கடிதமும் வந்தது.

கடையைக் காலி செய்த அன்று நேனே யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் அண்டாவைத் தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். கைதட்டினவர்களில் ஒருவருக்காவது ஒரு பத்து போடக் கை வந்ததா என்ற எண்ணம் அவருக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. முப்பத்தொரு வருஷம் சோறு போட்டும் ஆறரைக்கு மேல் பெறாத மனுஷன் தான் என்று தோன்றியது. வாய் அடங்காத தன் மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

அந்த இடத்தில் மும்பைக் கம்பெனி 'ஹஸ்ரா மிசள்' என்று கடை திறந்தது. ஹஸ்ரா என்றால் சிரித்த முகம். நேனேயின் வீடு எதிர் மாடியில்தான். திறந்த மறுநாள் காலை பால்கனியில் நின்றவர் தன் கண்ணாலேயே பார்த்தார். எட்டு பத்துக்கு ஜோக்ளேகர் உள்ளே போனார். பின்னாலேயே டீச்சர். அப்புறம் ஒவ்வொருவராக மொத்தப் பேட்டையும்.

"விமல், இங்க வந்து பாரு. நன்றி கெட்ட ஜென்மங்க" என்றார்.

"அவங்களுக்கும் பசிக்கும்ல" என்றாள் விமல். அவளுக்கும் அது வலித்தது.

மூன்று மாதம் இது தினமும் நடந்தது. சந்தில் ஜோக்ளேகர் எதிரே வந்தால் நேனே அடுத்த பக்கம் போய்விடுவார். ஜோக்ளேகர் ஏதோ சொல்ல வாயெடுப்பார், நேனே கேட்க மாட்டார்.

நாலாவது மாதம் வாசல்மணி அடித்தது. டாக்டர் மோஹோளே நின்றுகொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் கட்டு போட்டிருந்தது. நேனே சொல்லாமலே அவர் நின்றபடி பேசினார்.

"மிஸ்டர் நேனே, உங்க ஆளுங்களைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

"எந்த ஆளுங்க? என்ன நிறுத்தணும்?"

மோஹோளே சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. பேட்டைக்காரர்கள் தினமும் ஹஸ்ராவுக்குப் போய், நாலு பேருக்கு ஒரு தட்டு வாங்கி, ஆளுக்கு மூன்று குறைப்படிவம் எழுதி வந்திருக்கிறார்கள். மொத்தம் ஆறாயிரத்து இருநூறு. ஒவ்வொரு குறைக்கும் ஏழு நாளுக்குள் முதன்மை மகிழ்ச்சி அலுவலர் தன் கையால் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும் என்பது வாரியத்தின் விதி. அந்த விதியைப் போட்டவரும் அவர்தான். ஒவ்வொரு குறைக்கும் கடை ஊழியர் ஒருவர் மறுபயிற்சிக்குப் போக வேண்டும் என்பது இன்னொரு விதி. இப்போது ஊழியர்கள் எல்லாரும் மூன்றாவது மாடியில் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அடுப்படியில் ஆள் இல்லை. கம்பெனி நேற்று மும்பைக்குத் திரும்பிவிட்டது.

"மன்னிப்புக் கடிதத்துக்கும் குறைப்படிவம் எழுதறாங்க!" என்றார் மோஹோளே அழாத குறையாக. "அந்த டீச்சர் என் கடிதத்துக்குப் பத்துக்கு ரெண்டரை போட்டு அனுப்பியிருக்காங்க. இவங்களை முப்பத்தொரு வருஷம் நீங்க எப்படி மகிழ்விச்சீங்க?"

"நான் மகிழ்விக்கவே இல்லையே."

மோஹோளே அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் வாரியம் கூடி ஒரு தீர்மானம் போட்டது. அதன்படி சதாசிவப் பேட்டையின் அந்தத் தெரு 'மகிழ்ச்சி தேவைப்படாத பகுதி' என்று அறிவிக்கப்பட்டு, தேர்விலிருந்து விலக்குப் பெற்றது. குத்தகை நேனே பெயருக்கே திரும்பியது. ஒரே ஒரு நிபந்தனை. குறைப்படிவங்களைப் பத்து வருஷம் அழிக்கக் கூடாது, வாரியத்தில் வைக்கவும் இடமில்லை, ஆகவே அவை எழுந்த இடத்திலேயே பாதுகாக்கப்பட வேண்டும். கடைச் சாவியோடு பதினான்கு சாக்குகள் வந்து இறங்கின.

மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு நேனே ஒரு சாக்கை அவிழ்த்தார். என்னதான் திட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசைதான். மேலே இருந்தது ஜோக்ளேகருடையது.

"குழம்பு தண்ணீர். நேனே கடையில் கரண்டியை விட்டால் நிற்கும்."

அடுத்ததும் அவருடையதே. "எப்படி இருக்கிறது என்று மூன்று முறை கேட்டார்கள். நேனே ஒரு முறைகூடக் கேட்டதில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். இங்கே கேட்ட உப்பையெல்லாம் கொடுக்கிறார்கள். நான் செத்தால் இவர்களுக்கு என்ன?"

விமலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ராஸ்னே டீச்சரின் எழுத்து முத்து முத்தாக இருந்தது. "என் கணவர் இறந்த மாதத்தில் நேனே கடையில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். 'ஆறிப்போகுது டீச்சர், எனக்கு வேற வேலை இல்லன்னு நினைப்பா' என்று அவர் திட்டினார். சாப்பிட்டேன். அதற்கு முன் பத்து நாளாக நான் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. இந்தக் கடையில் கண்ணைத் துடைக்கக் காகிதம் கொடுக்கிறார்கள்."

சாக்கு முழுக்க இப்படித்தான் இருந்தது. விமல் ஒவ்வொன்றாக வாங்கி வாங்கிப் படித்தாள். நேனேக்கு ஒரு கட்டத்துக்கு மேல் எழுத்து தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அடுப்புப் புகை என்றார். அடுப்பு அப்போது அணைந்துதான் கிடந்தது.

மறுநாள் காலை எட்டு பத்துக்கு ஜோக்ளேகர் வந்து உட்கார்ந்தார். நேனே மிசள் தட்டை அவர் முன்னால் டக்கென்று வைத்தார்.

"ஏன் ஜோக்ளேகர், என்னைப் பத்திக் கண்டதையும் எழுதி வச்சிருக்கீங்க?"

ஜோக்ளேகருக்குக் காது வரை சிவந்துவிட்டது. "எதைச் சொல்றீங்க?"

"படிச்சேன். எல்லாத்தையும் படிச்சேன்."

ஜோக்ளேகர் தலையை நிமிர்த்தவே இல்லை. மிசளைக் கிளறிக்கொண்டே இருந்தார்.

"அது ஏதோ கோபத்துல எழுதினது, அச்யுத்ராவ்" என்றார் கடைசியில். "மனசுல வச்சுக்காதீங்க."